உள்ள ஆளிருக்கு

மழையில் நனைந்த எண்ணெய்ச் சாயத்துக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெய் விளக்கை அப்போதுதான் ஊதி அணைத்தது போலவும், பழைய சாக்கு ஈரத்தில் கிடந்து மக்கிப்போனது போலவும் இரண்டும் கலந்து வந்து மூக்கின் மேல்புறத்தில் உட்கார்ந்துகொள்ளும் வாசனை அது. என் சிறு வயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் நான் அந்த வாசனைக்குள்தான் படுத்தேன், எழுந்தேன், பாடம் படித்தேன், சோறு தின்றேன். ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் கூரையாக இருந்தவன் ஒரு பறக்கும் மனிதன்.

தாராவியில் அப்போது எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் மேலே தகரம்தான். அதை நாங்கள் தகரம் என்று சொல்வதில்லை, "பத்ரா" என்போம். மே மாதக் கடைசியில், மழை வருவதற்கு முன்னால், ஆளுக்கு ஆள் பத்ராவின் மேல் ஏறி ஓட்டைகளுக்குத் தார் பூசி, அதற்கு மேல் "தாட்பத்ரி" என்கிற நீல விரிப்பைப் போட்டு, அது காற்றில் போய்விடாமல் இருக்கச் செங்கல், சைக்கிள் டயர், உடைந்த பக்கெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கி வைப்பார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நாங்கள் படுக்கிற பாதிக்கு மேலிருந்த பத்ரா துருப்பிடித்து, விரலால் தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. அப்பா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் தோல் பட்டறை வேலை முடிந்து வரும்போது, கைவண்டியில் ஒரு பெரிய துணிச் சுருளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அது ஒரு தியேட்டரின் முகப்பில் தொங்கிய சினிமா பேனர். கெட்டிக் கித்தான் துணியில் கையால் வரைந்தது. அந்தக் கோடையில் பம்பாய் முழுக்கப் பறக்கிற கதாநாயகன் ஒருவனின் படம் ஓடியது. எங்கள் சந்தில் பையன்கள் எல்லோரும் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்த் திட்டிலிருந்து குதித்துக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்தவன் சொன்னதைக் கேட்டவன் சொன்னதைக் கேட்டுத்தான் குதித்தோம். இப்போது அவனே எங்கள் வாசலில் வந்து சுருண்டு கிடக்கிறான் என்றால் எப்படி இருந்திருக்கும்! அக்காவும் நானும் சுருளைப் பிரித்தோம். நீலச் சட்டை, சிவப்புத் துணி, பலாச்சுளை மாதிரித் தசைகள், ஒரு கை முன்னால் நீட்டியபடி. எங்கள் வீட்டை மூட இடுப்பு வரைக்கும் போதுமென்று இருந்ததால், அப்பா கத்தரித்து எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்து வீட்டு ரோசம்மா அத்தைக்குக் கொடுத்துவிட்டார். அத்தை அதைத் தன் வீட்டுப் பத்ராவுக்கு அடியில், சொட்டுவதைத் தாங்கிக்கொள்ளத் தொட்டில் போலக் கட்டிக்கொண்டாள்.

"ஏ மைனி, ஒங்க வீட்டுக்காரரு நல்ல ஆளு. மூஞ்சியும் முகரையுமா உள்ளத அங்கன வச்சிக்கிட்டு, வெறுங்காலக் கொண்டாந்து எங்க தலைக்கு மேல தொங்க விட்டுட்டாரே!" என்று அவள் என் அம்மாவிடம் சொன்னதைச் சந்து முழுவதும் சொல்லிச் சிரித்தது.

அப்பா செய்த காரியம் ஒன்றைத்தான் யாராலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாயம் பூசிய பக்கம் மேலே இருந்தால்தான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். வெறுந்துணிப் பக்கம் மேலே இருந்தால் குடிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் மூங்கிலைக் கட்டி முகத்தை உள்பக்கமாகப் போட்டார். மேலே நின்ற அவரைப் பார்த்துக் கீழே இருந்து எல்லோரும் சத்தம் போட்டார்கள். அப்பா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "பிள்ளைங்க பாத்துட்டுப் போட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் பார்த்தோம். பாயில் மல்லாந்து படுத்தால் அவன் எங்கள் மேல் பறந்துகொண்டிருப்பான். முதல் பெரிய மழையிலேயே துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து, அவனுடைய கன்னம் ஒரு பக்கம் மாம்பழம் போலத் தொங்கியது. அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் அந்தக் கன்னத்தில் குத்தித் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுவாள். கொஞ்ச நாளில் சாயம் உரிய ஆரம்பித்தது. அவனுடைய சட்டை சொட்டுச் சொட்டாக எங்கள் மேல் விழுந்தது. சோற்றில் நீலம் விழும். ஓரத்தில் விழுந்ததை ஒதுக்கிவிட்டுத் தின்போம். என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்த நீலம் எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

கடைசியில் ஒரு நாள் மழை விட்டிருந்தபோது அப்பா அதைத் திருப்பிப் போட மேலே ஏறினார். இங்கே எங்கள் சந்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கு நடுச்சுவர் பொது; கூரையும் ஒன்றோடொன்று ஒட்டியதுதான். ஒருவர் தன் கூரைக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் கூரையை மிதித்துத்தான் போக முடியும். பத்ராவுக்கு அடியில் மரம் ஓடுகிற இடத்தில் கால் வைத்தால் தாங்கும். மற்ற இடத்தில் வைத்தால் கால் உள்ளே போய்விடும். மேலே நிற்கிறவருக்கு மரம் எங்கே என்று தெரியாது. அதனால் அடுத்த கூரையில் கால் வைப்பதற்கு முன்னால் "மேல வாரேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் என்ன வேலையாக இருந்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், "உள்ள ஆளிருக்கு!" என்று பதில் சொல்லி, கட்டையை எடுத்து மரம் ஓடுகிற வழியில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வர வேண்டும். மேலே இருப்பவர், "பாத்து மிதிக்கேன்!" என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தின் மேலேயே கால் வைத்து நடப்பார். உள்ளே இருந்து பதில் வரவில்லை என்றால் நடக்கமாட்டார்கள். யாராவது போய் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. பேசப் பழகும்போதே இதுவும் வாயில் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் தட்டுகிற வேலை எனக்கு. வெளியே நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்காது. பெயர் கேட்டால் அக்காதான் சொல்வாள். ஆனால் "உள்ள ஆளிருக்கு" என்று மட்டும் நான் தொண்டை கிழியக் கத்துவேன், ஏனென்றால் என் முகத்தை அப்போது யாரும் பார்ப்பதில்லை.

அன்றைக்கு அந்தப் பறக்கிறவனின் முகம் எங்கள் தலைக்கு மேலிருந்து தூக்கப்பட்டு, கொஞ்ச நேரம் வெறும் வானம் தெரிந்து, பிறகு திருப்பிப் போட்ட துணியின் அழுக்குப் பக்கம் வந்து மூடிக்கொண்டது. அதன் பிறகு அவன் காக்கைகளுக்குத்தான் முகம் காட்டினான். வீடு ஒழுகவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஆவணி வாக்கில் ஒரு பகல். பின் சந்தில் ஒருவர் வீட்டில் புதிதாக டிவி வாங்கி, ஆண்டெனா கட்ட வெளியாள் ஒருவனைக் கூட்டி வந்திருந்தார்கள். அவனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, குரல் கொடுக்காமல், தெருவில் நடப்பது போல ரோசம்மா அத்தை வீட்டுப் பத்ராவில் நடந்திருக்கிறான். உள்ளே அத்தை கூவுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது: "உள்ள ஆளிருக்கு! ஏ, உள்ள ஆளிருக்கு, பச்சப்பிள்ள கெடக்கு!" அவனுக்குத் தமிழும் தெரியாது. சடாரென்று பெரிய சத்தம். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது, மேலிருந்து ஒரு செருப்புப் போட்ட கால் தொடை வரைக்கும் உள்ளே இறங்கி, அந்தக் கித்தானில் சிக்கி உதைத்துக்கொண்டிருந்தது. பிய்ந்த தகரத் துண்டுகளெல்லாம் கித்தானின் மடிக்குள் கிடந்தன. நேர் கீழே தூளியில் அத்தையின் மகன், சத்தத்தில் விழித்து, மேலே ஆடுகிற காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அத்தை பிள்ளையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, அந்த நிலையிலும் சொன்னாள்: "படத்துல உள்ள ரெண்டு காலு பத்தாதுன்னு இன்னொரு நெசக் காலு எறங்குது பாரு, சவம்!"

அந்த ஆளைப் பத்திரமாக இறக்கி, காயத்துக்குத் துணி கட்டி, டீ வாங்கிக் கொடுத்து, பிறகு நன்றாகத் திட்டி அனுப்பினார்கள். பறக்கிறவன்தான் பிள்ளையைக் காப்பாற்றினான் என்று நாங்கள் பையன்கள் பேசிக்கொண்டோம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "கித்தானு காப்பாத்திச்சுலே" என்றார்.

அந்தக் காலத்து வழக்கம் இன்னொன்றும் உண்டு. அதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "ஆராச்சும் எங்க இருக்கன்னு கேட்டா மாட்டுங்கான்னு சொல்லணும், என்ன? தாராவின்னு சொன்னா சட்டைய மோந்து பாப்பான்" என்று அப்பா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் பக்கத்துக்கே மாட்டுங்கா என்று சேர்த்துச் சொல்லும் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மாட்டுங்கா வேறு. அங்கே பூக்கடைகள், காபி மணம், ஆபீஸ் போகிற குடும்பங்கள். நாங்கள் அந்தப் பெயரை இரவல் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டோம். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர், ஒவ்வொருவராக எழுப்பி எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டபோது, வரிசையாக எல்லோரும் மாட்டுங்கா, மாட்டுங்கா என்று சொல்லிக்கொண்டே வந்தோம். என் முறை வந்தபோது டீச்சர் என் தோளில் இருந்த நீலக் கறையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பையன் துணிந்து, "டீச்சர், நீங்க?" என்று கேட்டான். "சயான்" என்றார். சயான் பக்கத்து ஸ்டேஷன்; அவர் இருந்தது எங்கள் சந்திலிருந்து மூன்றாவது சந்தில். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் ஏன் இப்போது ஞாபகத்துக்கு வந்தது என்றால், போன மாதம் நான் ஒரு படம் பார்த்தேன்.

நான் இப்போது செம்பூரில் இருக்கிறேன். ஒரு மருந்துக்கடையில் வேலை. என் மகள் ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் பெனட், முலுண்டில் இருக்கிறார்கள். அவருடைய அம்மா எஸ்தர் பெரிய கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று அவர், "நீங்க எங்க பொறந்து வளர்ந்தீங்க அண்ணா?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. "மாட்டுங்கா" என்று சொல்லிவிட்டேன். "ஓ, அப்படியா" என்று அவர் டீயை எடுத்துக் குடித்தார். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த "ஓ, அப்படியா" காதில் கேட்கும். நல்ல குடும்பம், மகளுக்குப் பிடித்த இடம். என் வாயால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயம்.

எல்லோரும் பார்க்கிற அந்தப் படத்துக்குப் பெனட்தான் டிக்கெட் எடுத்தார். சத்தமென்றால் தலைவலி என்று என் மனைவி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நான், ஷைனி, பெனட், எஸ்தர் அம்மா நாலு பேரும் குர்லாவில் இருக்கிற பெரிய மாலுக்குப் போனோம். எஸ்தர் அம்மா ரயிலில் வாசித்துக்கொண்டு வந்த தமிழ் வாரப் பத்திரிகையைக் கைப்பையில் மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படம் நன்றாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. இந்த வயதில் நான் நாற்காலி நுனிக்கு வந்து பார்த்தேன். கதாநாயகன் முதல் முறை தரையை விட்டு எழும்பியபோது என் பாதங்கள் செருப்புக்குள் சுருங்கின. கழுத்தில் துண்டு கட்டிய பையன் இன்னும் உள்ளே இருக்கிறான் போலிருக்கிறது. பிறகுதான் அந்தச் சண்டை வந்தது. வில்லனும் கதாநாயகனும் ஆகாயத்தில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு வந்து, ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளின் மேல் இறங்குகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் பத்ரா, நீலத் தாட்பத்ரி, டயர், செங்கல். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த சாமான். ஒருவன் தூக்கி எறிகிறான், தகரம் சீட்டுக்கட்டு மாதிரிப் பறக்கிறது. தியேட்டர் விசிலடிக்கிறது. நானும் கை தட்டிக்கொண்டிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

அப்போது காமிரா ஒரு குடிசைக்கு உள்ளே போயிற்று. அடுப்பு, அலுமினியச் சட்டி, கொடியில் ஒரு பாவாடை. ஆள் யாருமில்லை. மேலே தகரத்தில் தடதடவென்று காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. சடாரென்று கதாநாயகனின் கால் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

"உள்ள ஆளிருக்கு!"

அது என் குரல் என்று எனக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று. நான் எழுந்து நின்றிருந்தேன். கை, இல்லாத ஒரு கட்டையைப் பிடித்து மேலே தட்டப் போவது போல உயர்ந்திருந்தது. சுற்றிலும் சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "அரே அங்கிள், பைட் ஜாவ்!" என்று உட்காரச் சொன்னான், இன்னும் சிரிப்பு. பெனட் திகைத்துப் பார்த்தார். ஷைனி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் அடங்குவதற்குள், முன்வரிசை இருட்டிலிருந்து ஒரு கரகரத்த ஆண் குரல், ஒரு மூச்சுகூடத் தாமதிக்காமல் வந்தது:

"பாத்து மிதிக்கேன்!"

அதற்குப் பிறகு இடைவேளை வரை திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

இடைவேளையில் பாப்கார்ன் வாங்குகிற இடத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். என் வயதுள்ள ஒருவர், நரைத்த மீசை, ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, சத்தம் குடுத்தது நீங்கதான? நெஞ்சு ஒரு நிமிசம் நின்னு போச்சு! எத்தன வருசம் ஆச்சு கேட்டு! என்னை அறியாம வாயில வந்துட்டு. எந்தச் சந்து நீங்க?"

எஸ்தர் அம்மா என் பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஷைனியும் பார்த்தாள்.

"நான் மாட்டுங்கா" என்றேன்.

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், எஸ்தர் அம்மாவைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமில்லை, எனக்காக வேலை ஒன்றைச் செய்து கொடுப்பது போன்ற ஒரு பதமான குரலில், "அப்படியா அண்ணாச்சி. நான் சயான்" என்றார். அந்தச் சின்னப் பெண் நிமிர்ந்து, "தாத்தா, நம்ம வீடு—" என்று ஆரம்பித்தாள். "வா மக்களே, படம் போட்டுருவான்" என்று அவளை அழைத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார்.

"தெரிஞ்சவரா அண்ணா?" என்று எஸ்தர் அம்மா கேட்டார்.

"இல்லம்மா."

அவர் அந்த இருவரும் போன பக்கத்தைப் பார்த்தார். பிறகு பாப்கார்ன் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "நீங்க கத்துனதும் எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறந்தான் நெனச்சேன். இவ்வளவு வீட்டப் போட்டு ஒடைக்கிறாங்களே, அதுல இருந்தவங்கெல்லாம் எங்க போனாங்க? ஒருத்தரக்கூடக் காட்டல பாருங்க" என்றார். நான் பாப்கார்னை எடுத்துக்கொண்டேன். உப்பா, இனிப்பா என்று நாக்குக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் கதாநாயகன் இறந்துபோன தன் அப்பாவின் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிற இடம் ஒன்று வருகிறது. அங்கே நான் அழுதேன். படம் என்னை அழ வைத்துவிட்டது, நன்றாகவே அழ வைத்தது. தோல் பட்டறை வாசனையோடு வீட்டுக்கு வருகிற ஒரு சட்டையைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அழுகிறபோதே இன்னொரு பக்கம், இவன் குரல் கொடுக்காமல் கால் வைத்தவன் என்ற எண்ணமும் போகவில்லை. கடைசியில் அவன் உயரமான கட்டடத்தின் நுனியில் நிற்கிறான், ஊரே கை தட்டுகிறது. பிய்ந்த பத்ராக்களைப் பற்றி யாரும் பேசவில்லை. படம் எப்படி என்று பெனட் கேட்டார். "நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர்களை ரயிலுக்கு அனுப்பிவிட்டு நானும் ஷைனியும் ரிக்ஷாவில் ஏறினோம். அவள் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தியேட்டரில் நான் கத்தியதற்காகத்தான் கோபம் என்று நினைத்து, "மன்னிச்சிரு மக்களே, அப்பா ஏதோ ஒரு ஞாபகத்துல..." என்றேன்.

"அதுக்கில்லப்பா. அது ஜாலியாத்தான் இருந்துச்சு. அந்த அங்கிள்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

நான் ரிக்ஷாக்காரரிடம் சிக்னல் தாண்டி இடது பக்கம் போகச் சொன்னேன்.

"ஆண்ட்டிக்குத் தெரியும்பா" என்றாள். "நான் மொதல்லயே சொல்லிட்டேன். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே. தாராவில தாத்தா வீடு, கூரையில சினிமாக்காரன் மூஞ்சி, நீலச் சோறு, பக்கத்து வீட்டுல கால் எறங்குனது, எல்லாம். அத்தை, உங்க அக்கா, எனக்குச் சொன்ன ஸ்டோரிதானே. ஆண்ட்டிக்கு ரொம்பப் பிடிச்சுது. இன்னொரு தடவ சொல்லுன்னு கேட்டாங்க. அப்புறம் நீங்க மாட்டுங்கான்னு சொன்னீங்களா... நீங்களா சொல்றப்போ சொல்லட்டும், நாம கேக்க வேணாம்னு சொன்னாங்க. வெயிட் பண்ணிட்டு இருக்காங்கப்பா."

ரிக்ஷா சிக்னலில் நின்றது. பாப்கார்ன் கடையில் நான் அந்தப் பெயரைச் சொன்னபோது, என்னைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் உண்மை தெரியும். கேட்டவருக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும், எஸ்தர் அம்மாவுக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்ற அதே பையன்தான் அங்கேயும் எழுந்து நின்றிருக்கிறான், தோளில் கறையோடு.

அந்த மனிதரின் முகம் என்னை விடவில்லை. இருட்டில் யாரென்றே தெரியாத ஒருவனுக்குப் பதில் கொடுத்துவிட்டு, அவனைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தவர். பேத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவரை எனக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

போன வாரம் கடைக்கு விடுமுறையான நாளில் தனியாக எங்கள் பழைய சந்துக்குப் போய் வந்தேன். சந்து இருக்கிறது, வீடு இல்லை. எங்கள் வீடும் ரோசம்மா அத்தை வீடும் இருந்த இடத்தில் இப்போது காங்கிரீட் தளம் போட்ட மாடிக் கட்டடம். கீழே பைகளுக்கு ஜிப் தைக்கிற மெஷின்கள் ஓடுகின்றன, மேலே போக இரும்பு ஏணி. அத்தையின் குடும்பம் ஆண்டாப் ஹில் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு இளைஞன் போன் பேசிக்கொண்டே ஒரு மொட்டைமாடியிலிருந்து அடுத்த மொட்டைமாடிக்கு எட்டு வைத்துத் தாண்டிப் போனான். குரல் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. காங்கிரீட் யாரையும் கேட்காமல் தாங்கும். அது நல்லதுதான், தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கையால் வரைந்த பேனரும் இல்லை. படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று ஓரமாகக் கிடந்தது, அதற்கு வாசனையே இல்லை. அந்தச் சந்தில் "மேல வாரேன்" என்று இனி ஒருவரும் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டடங்களையும் இடித்து உயரமாகக் கட்டப் போகிறார்களாம், ஜிப் கடைக்காரர் சொன்னார்.

அங்கே நிற்கும்போதே போன் வந்தது. எஸ்தர் அம்மா. கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது பற்றி ஏதோ கேட்டுவிட்டு, பின்னால் ஓடுகிற தையல் மெஷின் சத்தம் காதில் விழுந்ததோ என்னவோ, "எங்க இருக்கீங்க அண்ணா?" என்றார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தார். அந்தப் பொறுத்திருத்தல் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குள்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வெளிய வந்தேம்மா. வீட்டுக்குத்தான் கெளம்பிட்டேன்" என்றேன்.

நேரில் எனக்கு வாய் வராது என்பது இத்தனை வயதுக்குப் பிறகு உறுதியாகிவிட்டது. அதனால்தான் எழுதிப் பார்த்தேன். என் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அவள் கண்ணில் படாது என்ற தைரியமும் எழுதும்போது இருந்தது. ஆனால் எஸ்தர் அம்மா வாரப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். முலுண்ட் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அச்சில் வந்தால் இதையும் வாசிப்பார். நினைக்கும்போதே முகம் சுடுகிறது.

வாசிச்சிட்டுப் போட்டும்.